நாலில் ஒன்று

தேனி ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் பாஜிலாவின் பிள்ளைகள் இருவரும் கிடக்கிறார்கள். ரத்தம் ஊறாத நோய். மகளுக்கு மாதாமாதம் ஏற்றுகிற ரத்தம் இன்று முதன்முறையாகக் கைக்குழந்தை மகனுக்கும் ஏறுகிறது. ஜன்னல் வெயில் ரத்தப் பையை ஊடுருவி அவனது வெளிறிய நெற்றியில் சிவப்பாக விழுகிறது. "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு சொன்னீகளே டாக்டரம்மா. அந்த ஒண்ணுதான் மூத்ததுக்கு வந்துருச்சே?" என்கிறாள் பாஜிலா. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுகிறார். "அப்படி இல்லம்மா. புருசன் பொண்டாட்டி உங்க ரெண்டு பேர் உடம்புலயும் இந்தக் குறை மறைஞ்சிருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலுல ஒண்ணு. மூத்ததுக்கு வந்தது அடுத்ததுக்குக் கணக்கில்ல. வயித்துல இருக்கப்பவே சோதிச்சுப் பாக்கணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அனுப்பினேனே!"

கால்மாட்டில் உட்கார்ந்து மகளுக்குப் பன்னீர் திராட்சை உரித்துக்கொண்டிருக்கும் கணவன் நத்தர்ஷாவின் விரல்கள் நின்றுவிடுகின்றன. மகனின் பாதத்தைப் பிடித்தபடியே பாஜிலா கணவனைப் பார்க்கிறாள். "இனிப் பொறக்குற மூணும் நல்லாப் பொறக்கும், டாக்டரே சொன்னாகன்னு வந்து சொன்னீகளே. அந்தக் கணக்கு அவுக போட்டதா, நீங்க போட்டதா?" உரித்த பழத்தின் சாறு அவன் மணிக்கட்டில் வழிகிறது. மகள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாள்.