வெள்ளிக்கிழமைக் கோளாறு

“புதன்கிழமை புனேயிலேருந்து ஆளுங்க வாராங்க. அன்னைக்கு மட்டும் நெட்டு போச்சுன்னு வையி, நீயும் அது கூடவே போயிரு. சொல்லிப்புட்டேன்!”

முதலாளி பீமாராவ் இப்படிக் கத்தியதில் சிவபாண்டிக்குக் கோபமே வரவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தானே? புனேக்காரர்கள் வந்து பார்த்துப் பிடித்துப்போனால் வருஷம் பூராவுக்கும் ஆர்டர். இல்லாவிட்டால் கப்பலூரில் இருக்கிற எத்தனையோ பட்டறைகளில் இதுவும் ஒன்று.

கம்பெனியின் நாற்பது கம்ப்யூட்டர்களும், பில் அடிக்கும் மெஷினும், மீட்டிங் ஹாலின் பெரிய திரையும் ஒரே ஒரு நெட்வொர்க் பெட்டியை நம்பித்தான் இருந்தன. அதைக் கட்டி மேய்ப்பது சிவபாண்டியின் வேலை. மற்ற நாளெல்லாம் சமர்த்தாக ஓடும். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் அதற்கு என்ன பிடிக்குமோ தெரியாது. முதலாளி மீட்டிங் போட்டு உட்கார்ந்திருப்பார், திரை பொசுக்கென்று உறைந்து நிற்கும். திட்டு வாங்கி முடித்து, பின்கட்டிடத்துக்கு அவன் மூச்சிரைக்க ஓடுவதற்குள், எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல் பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

பெட்டியின் பதிவில் கரண்ட் போனது என்று மட்டும் இருக்கும். யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தான். வயரை, பிளக் பாயிண்டைக்கூட மாற்றினான். ம்ஹும்! ஒரு வருஷமாக நேரத்தைக் குறித்துவைத்ததில் ஒன்றுதான் பிடிபட்டது. பத்து மணிக்குப் போகும், பத்தே காலுக்கும் போகும். பத்தரையைத் தாண்டிப் போனதே கிடையாது. அது ஏன் பத்தரை? அதுதான் மண்டையைக் குடைந்தது.

புனேக்காரர்கள் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு மட்டம் போட்டுவிட்டு, பெட்டி இருந்த அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். பத்து ஐந்துக்குக் கதவு திறந்தது.

வந்தது மாயக்காள். ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவள், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். இடுப்பில் ஈரத்துணி, கையில் திருநீற்றுப் பொட்டலம். நேராகப் போய்ப் பிளக்கில் கை வைத்தாள்.

“யக்கா, நிப்பாட்டுங்க!”

“ஆத்தாடி!” மாயக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “ஏந்தம்பி இப்பிடி? உசுரே போயிருச்சு!”

“என் உசுரு போயி ஒரு வருசமாச்சு! எதுக்குக்கா பிளக்கைப் புடுங்குறீங்க?”

“நீங்கதேன தம்பி சொன்னீங்க? கரண்டு இருக்கையில ஈரத்துணி வைக்காதீங்க, ஷாக்கு அடிச்சுரும்னு.”

சொல்லியிருந்தான். பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லியிருந்தான்.

“சரி, தொடைக்கிறீங்க. திருநீறு எதுக்கு?”

“வெள்ளிக்கெழமயாச்சே, தொடச்சுட்டுப் பூசி விடுவேன். இது நின்னுபோனா அந்த மனுசன் உங்களத்தேன வையிறாரு? பச்சப்புள்ள கணக்கா மொகம் வாடிப்போகுது. அதேன், நிக்காம ஓடணும்னு கருப்பசாமிகிட்ட வேண்டிக்கிருவேன். பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும்ல, அதுக்குள்ள முடிச்சுருவேன்.”

சிவபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என்ன மனசு இந்த அக்காவுக்கு! அவன் திட்டு வாங்கக் கூடாதென்று வேண்டி வேண்டியே, வாரம் தவறாமல் திட்டு வாங்கித் தந்திருக்கிறாள்.

“யக்கா, உங்களைக் கும்பிடுறேன். ராகுகாலமும் வேணாம், எமகண்டமும் வேணாம். இனிமே இந்த ரூம் பக்கமே வராதீங்க.”

மாயக்காளின் முகம் சுண்டிப்போனது. “உங்களுக்கு நல்லதுன்னா சரி தம்பி” என்று பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மனசு கேட்காமல் சாயங்காலம் டீயும் உளுந்தவடையும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தான்.

அன்றைக்கு நெட் போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளியே தோளில் தட்டி, “பெரிய ஆளுதாம்ப்பா நீ” என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பதரை. புனேக்காரர்கள் விமானத்தை விட்டு இறங்கிக் காரில் ஏறிவிட்டார்கள் என்று போன் வந்தது. ரிங் ரோட்டில் இருபது நிமிஷம். அப்போது பார்த்து நெட் போனது.

இந்த முறை தானாகத் திரும்பி வரவில்லை. கரண்ட் இருந்தது, விளக்குகள் எல்லாம் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. சிவபாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். பிளக் பக்கம் மட்டும் கை போகவில்லை. அதைக் காப்பாற்றத்தானே ஒரு வருஷம் அல்லாடினான்! முதலாளி வாசலில் வந்து நின்று பார்த்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்டியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டான். பவதாரிணி என்ற பெண் எடுத்தாள்.

“கடைசியா எப்ப சார் ஆஃப் பண்ணீங்க?”

“போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி. பன்னெண்டு நாளாச்சு மேடம். நடுவுல ஒரு நிமிசம்கூட நிக்கலை” என்றான், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

“அதான் சார் பிரச்சனையே! அந்த மாடலைப் பத்துப் பன்னெண்டு நாள் நிறுத்தாம ஓட்டினா மெமரி ரொம்பிப் படுத்துரும். இப்பதான் நாங்களே கண்டுபிடிச்சோம். பிளக்கைப் புடுங்கி மாட்டுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துரும். புது சாஃப்ட்வேர் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை இப்படிச் செய்யுங்க.” அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. “வாங்குன அத்தனை பேரும் ஒரு வருஷமா எங்களைப் போட்டுக் காய்ச்சுறாங்க சார். உங்க கம்பெனி மட்டும்தான் ஒரு கம்ப்ளெயிண்ட்கூடக் குடுக்கலை. எப்படி சார் மெயின்டெயின் பண்றீங்க?”

சிவபாண்டி மணியைப் பார்த்தான். ஒன்பது நாற்பது. கதவைத் திறந்து வராந்தா அதிரக் கூப்பிட்டான்.

“மாயக்கா! அந்தத் துணியையும் திருநீறையும் எடுத்துக்கிட்டு ஓடியாங்க! இன்னைக்கு ராகுகாலம் பன்னெண்டு மணிக்குத்தேன்!”