எலுமிச்சம்பழம் எங்கே?

“எலுமிச்சம்பழம் எங்க இருக்கு? டக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க!”

“ஆன்... ஆன் த டம்ளர்.”

“நல்லாப் பாருங்க. மேலயா இருக்கு? உள்ள இருக்கு!”

“அய்யோ, இன்! இன் த டம்ளர்!”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மழலையர் பள்ளி ஆசிரியை அவள். “என் வகுப்புப் பொடிசுங்களே தேவலை” என்றபடி பழத்தை எடுத்து உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

“பிஹைண்ட்!” என்று கத்திவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தார் கார் ஓட்டுநர். டாக்ஸி கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து பல மாதம் வேலையில்லாமல் கிடந்து, இப்போதுதான் ஒரு மேடத்திடம் சேர்ந்திருந்தார். இதையும் விட்டால் வேறு போக்கில்லை.

சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏன் மாமா, ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு எதுக்கு இந்த இன், ஆன், அண்டர் எல்லாம்?”

“மேடம் கறாரா சொல்லிட்டாங்கடா. மத்த இங்கிலீஷ் எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம். இந்தச் சின்ன வார்த்தைங்க மட்டும் தப்பாகக் கூடாது. சனிக்கிழமை எல்லாம் சரியாச் சொன்னா வேலை நிரந்தரம். எனக்கு முன்னாடி இருந்த டிரைவர், ‘ஆன்’னு சொல்ல வேண்டிய இடத்துல ‘இன்’னு சொன்னார். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“ஒத்த வார்த்தைக்கா? ரொம்பத்தான் திமிரு அந்தம்மாவுக்கு!”

அக்கா முறைத்தாள். “சனிக்கிழமை நீயும் கூட வா. அப்புறம் பேசு.”

சனிக்கிழமை. பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். மைதானத்தில் மேடத்தின் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலில் பாதிப் பேர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் இருந்த மேடம் உட்பட. பக்கத்தில் ஓட்டுநர். பின்வரிசையில் அக்காவும் தம்பியும்.

“நியர் த லைன், மேடம்... பிட்வீன் டூ கேர்ள்ஸ்... பால் கோயிங் ஓவர் ஹெர் ஹெட்!” ஓட்டுநர் மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

“ஆட்டத்தைப் பார்க்கவாவது விடக் கூடாதா? இங்கயும் பரீட்சையா?” என்று முணுமுணுத்தான் மைத்துனன்.

கடைசி நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. மகள் ஓங்கி உதைத்தாள். கூட்டம் மொத்தமும் எழுந்து அலறியது.

மேடம் மட்டும் எழவில்லை. ஓட்டுநரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “இன் ஆர் ஆன்?”

டம்ளரும் எலுமிச்சம்பழமும் ஓட்டுநரின் கண்முன் வந்து போயின.

“இன்! இன் த நெட், மேடம்! யுவர் டாட்டர்! இன்!”

மேடம் துள்ளி எழுந்து, இரண்டு கைகளையும் உயரே தூக்கிக் கூவினார். பிறகு ஓட்டுநரின் தோளைத் தட்டி, “பெர்மனன்ட்!” என்றார். ஓட்டுநர் குழந்தை மாதிரி அழுதுகொண்டே சிரித்தார். பின்வரிசையில் அவர் மனைவி விசிலடித்தாள்.

“கோல் விழுந்ததை ஊரே பார்த்துச்சு. அதை மாமா வாயால வேற கேக்கணுமாக்கும்!” என்றான் தம்பி.

“போன ஆட்டத்துல பந்து வலை மேல விழுந்து உருண்டுச்சுடா. அந்த டிரைவர் ‘இன்’னு சொன்னதை நம்பி, இவங்க மட்டும் தனியா எழுந்து நின்னு கைதட்டினாங்க. மைதானமே சிரிச்சுது” என்றாள் அக்கா.

அவன் புரியாமல் முன்வரிசையைப் பார்த்தான். மேடம் இருக்கைக்கு அடியில் துழாவி, மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கைத்தடியை எடுத்து விரித்து, “அம்மா!” என்று மகளின் குரல் வந்த திசையை நோக்கித் தலைநிமிர்ந்து நடந்தார்.