கண்மாயைப் பார்த்த வீடு

எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா என்று எனக்குத் தடுமாறுகிறது. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் அந்த ஆண்டு நிறைந்திருந்தது, அது மட்டும் நிச்சயம்.

முத்திருளன் கட்டவிருந்த ஓட்டு வீட்டின் பிளானை இன்ஜினியர் லட்சுமிநாராயணன் கரைமேல் விரித்தார்.

"ஜன்னலெல்லாம் கண்மாயப் பாத்து வைங்க சார்," என்றாள் முத்திருளனின் மனைவி சீனியம்மாள்.

"மேற்கு வெயில் அடிக்குமேம்மா?"

"அடிக்கட்டும். நான் தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"இம்புட்டு நாளும் இந்தத் தண்ணியச் சொமந்தவளுக்கு இப்பத்தான் அதப் பாக்க ஆச வந்திருக்கு," என்றார் முத்திருளன்.

 

முத்திருளன் பிளானைக் கையில் எடுத்தார். "கூரை இம்புட்டுத் தாழவா இறங்கும்?"

"சாரல் அடிக்காதுண்ணே. உக்காந்தாலும் தண்ணி நல்லாத் தெரியும்."

"தண்ணி தெரிஞ்சு என்ன செய்ய? எதிர்க்கரைய மறைக்குதுல்ல. ரெண்டடி தூக்குங்க."

"எதிர்க்கரையில என்னண்ணே இருக்கு?"

"எம் மக ஜெயக்கொடி வீடு. எங்களுக்குச் சொல்லாமக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனவ. பேச்சுவார்த்தை கெடையாது. இவ தண்ணியப் பாக்கவா ஜன்னல் கேக்குறா? எனக்குத் தெரியாதாக்கும்!"

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப, பால் காய்ச்சுறதுக்கு அவளக் கூப்பிடவா?"

"அவ வீடு நமக்குத் தெரிஞ்சா, நம்ம வீடு அவளுக்குத் தெரியாதா? கூப்பிடு."

பால் காய்ச்சிய அன்று ஜெயக்கொடியும் கணவனும் கரைவழியே நடந்து வந்தார்கள். மறுவருஷம் அவளுக்குத் தலைப்பிரசவம் அந்த வீட்டில்தான் நடந்தது. முத்திருளனும் சீனியம்மாளும் கடைசிவரை அங்கேயே இருந்தார்கள். இன்ஜினியர் லட்சுமிநாராயணன் பின்னாளில் மதுரைப் பசுமலையில் குடியேறினார்.