மிராசுதார் வேலி

“கட்டுப்பாடுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் வீரையா. உங்க அண்ணிக்கு மட்டும் தனியா எழுதி வெச்சிருக்கா?”

அதே தெருக்காரன் வைரக்கண்ணு கேட்டது நியாயம்தான் என்று வீரையனுக்குத் தெரியும். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்தத் தெருவில் செயலாளரே அவன்தான். கூலியைக் கூட்டித் தரும்வரை மிராசுதார் குஞ்சிதபாதத்துக்கு யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது, மீறினால் தெருவை விட்டுத் தள்ளி வைப்போம் என்று கொடிக்கம்பத்தடியில் நின்று முழங்கியவனும் அவன்தான்.

இன்றோடு இருபத்திரண்டு நாள். நாற்றங்காலில் மிராசுதாரின் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தெருவில் அரிசிப் பானைகள் காலியாகிக்கொண்டிருந்தன. முதலில் நாற்று வீணாகுமா, இவர்கள் பசி தாங்காமல் வயலில் இறங்குவார்களா என்று நன்னிலம் தாலுகாவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து அண்ணி ராமாயி, தினம் விடிந்ததும் அரிவாளையும் கூடையையும் எடுத்துக்கொண்டு மிராசுதார் தோப்பு வேலியை வெட்டிவிடப் போகிறாள். அதுவும் கூலி வாங்காமல்.

அந்த வேலியைக் கண்டாலே தெருவுக்கு ஆகாது. கழக ஆட்சியில் குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா வந்ததும், இனி ஒருத்தரும் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று மிராசுதார் கொழும்பிலிருந்து தருவித்து நட்ட முள்ளுக்கொடி அது. கள்ளி ஜாதியாம். ஆனால் வெற்றிலைக் கொடி மாதிரி இலை விட்டு ஏறிப் படர்ந்து, மூன்றே வருஷத்தில் தோப்பையே வளைத்துவிட்டது. இலையோ பழமோ வாயில் பட்டால் குடல் வெந்துவிடும் என்று தமுக்கடிக்காத குறையாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

நேற்று மிராசுதாரின் காரியக்காரர் சிங்காரவேலு டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி பேசினார். ராமாயிக்கு இருக்கிற விசுவாசம் இந்தத் தெருவில் வேறு எவனுக்கும் இல்லை என்று ஐயா பூரித்துப் போய்விட்டாராம். அதைக் கேட்டுக் கொதித்த வைரக்கண்ணு, சாயங்காலம் கூட்டம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

தாயில்லாத வீரையனை ஆளாக்கியவள் அண்ணி. அண்ணன் செத்த பிறகும் அவனை விட்டுப் போகாதவள். தள்ளி வைத்தால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. வைக்காவிட்டால் சங்கம் நிற்காது.

மத்தியானம் வீட்டுக்குப் போனான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று வாசலிலேயே கேட்டுவிட்டான். முதலில் சாப்பிடு என்று ராமாயி நொய்க்கஞ்சியும் கீரையும் வைத்தாள்.

இரண்டாவது வாயில் பல்லிடுக்கில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தான். பூனை நகம் மாதிரி வளைந்த சின்ன முள். போன மாதம்தான் அதில் மாட்டி அவன் வேட்டி கிழிந்திருந்தது. தெரியாத முள்ளா?

“அண்ணி, இது அந்த வேலியில…”

“கத்தாதே தம்பி. ஆடு தின்னுச்சு, ஆடு சாகலே. அப்புறம் நான் தின்னு பாத்தேன், நானும் சாகலே. அதுக்கப்புறந்தான் அடுப்புல வெச்சேன்.”

“எத்தினி நாளா?”

“இருவது நாளா. நம்ம வீட்டுக்கு மட்டும்னு நெனச்சியா? முப்பது வீட்டுக்கும் இந்தக் கீரைதான். புள்ளைங்களுக்கு அந்த மஞ்சப் பழம்.”

இருபது நாளாகத் தட்டில் விழுந்ததை என்ன கீரை என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே? வீரையனுக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் உள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியுமாம். ஆண்களில் ஒருவனுக்கும் தெரியாதாம். சொன்னால் டீக்கடைக்குப் போகும், டீக்கடையிலிருந்து காரியக்காரர் காதுக்குப் போகும், மறுநாளே கொடியை வேரோடு பிடுங்கிவிடுவார்கள் என்றாள்.

“இன்னிக்குக் கூட்டத்துல உன்னைத் தள்ளி வெக்கச் சொல்லுவாங்களே அண்ணி?”

“வெச்சுட்டுப் போங்க. வேலி தெருவுக்கு வெளியேதானே இருக்கு” என்றாள் ராமாயி, இன்னொரு கரண்டி கீரையை வைத்தபடி.

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. நாற்று இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். மிஞ்சிப் போனால் அஞ்சு நாள் என்றாள். வேலி? அது வெட்ட வெட்டத் தழையும் என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

பொழுது சாயக் கூட்டம் கூடியது. காரியக்காரரும் எதேச்சையாக வந்தவர் மாதிரி சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். வைரக்கண்ணு எழுந்து தொண்டை கிழியப் பேசினான். அத்தனை தெம்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அவன் பெண்டாட்டி அம்சவல்லிக்குத் தெரியும். பாவம், தலையைக் குனிந்துகொண்டாள்.

வீரையன் எழுந்தான்.

“எங்க அண்ணி செஞ்சது தப்புதான்” என்றான். “அவ்வளவு பெரிய வேலியை ஒத்தை ஆளா வெட்டினது தப்பு.”

கூட்டம் திகைத்தது. காரியக்காரர் முகம் மலர்ந்தது. வைரக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின.

“நாளையிலேருந்து வீட்டுக்கு ஒரு ஆள் வேலி வெட்டப் போகணும். ஐயாகிட்ட கூலி கேக்கக் கூடாது. வெட்டின தழையைக் கீழே போட்டுட்டும் வரக் கூடாது. ஆளுக்கு ஒரு கூடை எடுத்துட்டுப் போங்க.”