எந்த மன்றத்திலும் இல்லாதவள்

கல்லூரி மன்றங்களுக்கான செயலியைச் சோதித்துப் பார்க்க, பொய் மாணவர்களைப் பிறப்பிக்கும் நிரலை முதலில் பிரிட்டோதான் எழுதினான். ஒரு மாணவர் பிறந்தார். அவர் சேர ஒரு மன்றம் பிறந்தது. மன்றத்துக்கு ஆள் வேண்டுமென்று இன்னொரு மாணவர் பிறந்தார். அவருக்கு இன்னொரு மன்றம். கம்ப்யூட்டர் உறைந்து போகும்வரை அது நிற்கவேயில்லை. உடன் வேலை செய்யும் நிலோஃபர் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். “முதல்ல எல்லாரும் தனித்தனியா பொறக்கட்டும் பிரிட்டோ. யார் எதுல சேரணும்னு அப்புறமா நான் கோத்து விடறேன்.” பொத்தானைத் தட்டியதும் திரையில் ஒரு கல்லூரியே எழுந்து நின்றது. நாடக மன்றத்தில் இருந்தவர்கள் சதுரங்கத்திலும் இருந்தார்கள். சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறிப் பச்சையாயின. கடைசி வரியில் ஒருத்தி மட்டும் எந்த மன்றத்திலும் இல்லை. “இவள விட்டுட்டியே?” என்றான் பிரிட்டோ. “வேணும்னேதான் வெச்சேன். உடையறதுன்னா, இந்த மாதிரி ஒருத்தி வந்தாதான் நம்ம செயலியோட பக்கம் உடையும். இப்ப பாரு.” அவளுடைய பக்கத்தைத் திறந்தாள். உடையவில்லை. மன்றங்களின் பெயர்கள் வரவேண்டிய வெற்றிடத்தில், ‘வாங்க, எதில் சேரலாம்?’ என்று இருந்தது. நிலோஃபர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மற்ற பெயர்கள் ஒவ்வொரு முறையும் மாறும். அந்த ஒரு பெயரை மட்டும் அவள் மாறாதபடி எழுதியிருந்தாள். பிரிட்டோ அதை அப்போதுதான் படித்தான். “இது உன் பேராச்சே?” சோதனை முடிந்து, வழக்கம்போல் பொய் மாணவர்கள் எல்லோரும் திரையிலிருந்து அழிந்துபோனார்கள். “இவளுக்கு உடையலன்னா யாருக்கும் உடையாது” என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் பொத்தானைத் தட்டினாள்.