கரிப்பூரில் இறங்கிய கோட்டு

விமானம் தரையைத் தொட்டதும் எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள். நான் கோட்டை எடுத்தேன்.

மே மாதம். வெளியே கரிப்பூர் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மோனே, இந்த வெயில்ல மாப்பிள்ளை வேஷம்?"

"வெளியே பொண்டாட்டி வீட்டுக்காரங்க நிக்கிறாங்க ஹாஜியாரே."

"அதை முதல்ல சொல்ல வேண்டாமா!" என்று தன் அத்தர் குப்பியைத் திறந்து என் கழுத்தில் இரண்டு இழுப்பு தடவிவிட்டார்.

ஷார்ஜாவில் இரண்டு வருடமாக வெல்டிங் வேலை. என் பொண்டாட்டி ரெஜிதாவின் தங்கை புருஷன் போன மாதம்தான் கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்தான், தோல் ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. அவன் வந்து இறங்கிய படத்தை ஊரே பார்த்துவிட்டது. தன் வீட்டார் முன்னால் ரெஜிதா தலைகுனியக் கூடாது. என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

ஆனால் கோட்டு என்னுடையது இல்லை.

எங்கள் அறையில் ஆள் ஆறு, கோட்டு ஒன்று. குஞ்ஞுமோன் தன் அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்தது. ஊருக்குப் போகிறவன் மாட்டிக்கொண்டு போவான்; திரும்பி வந்ததும் அடுத்தவனிடம் கொடுப்பான். ஒருவன் கொல்லம், ஒருவன் கண்ணூர். யாரும் யாரையும் ஊரில் பார்க்கப் போவதில்லை. ரகசியம் கடல் தாண்டாது என்று ஆறு பேருமே தைரியமாக இருந்தோம்.

குஞ்ஞுமோன் நல்ல தடியன். அவன் கோட்டின் தோளை நிரப்புவதற்காகவே நான் இரண்டு மாதம் பரோட்டாவாகத் தின்று தீர்த்தேன்.

விமான நிலைய வாசலில் பொண்டாட்டி வீட்டார் பதினோரு பேர். ஒரு கையில் தள்ளுவண்டி, மறு கை கால்சட்டைப் பையில். குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிய நடை. முதுகில் வியர்வை ஆறாக ஓடியது.

"அடேயப்பா, அளியன் வர்ற வரத்தைப் பாரு!" என்று மைத்துனன் கூவினான்.

லேசில் சிரிக்காத மாமனாரே சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரெஜிதா கிட்டே வந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோட்டின் தோளைத் தட்டினாள், காலரை நீவினாள். பிறகு என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"இதே கோட்டுல மத்த அஞ்சு பேர் போட்டோவையும் அவங்கவங்க பொண்டாட்டி எனக்கு எப்பவோ அனுப்பியாச்சு ஏட்டா. இது உங்களுக்குத்தான் ரொம்ப எடுப்பா இருக்கு."



அவள் என் கையைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கைப்பேசியில் படம் எடுக்க நின்ற தம்பியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"நல்லா எடுடா. கோட்டு முழுசா விழணும்!"