“நீங்க” என்கிறான் காவலன்

போரில் பிடிபட்ட நர்ஸ், வேற்றுக்கோளின் சிறையறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கோளின் வீரர்களுக்குக் கட்டுப்போட்டுப் போட்டு அவள் விரல்கள் ஓய்ந்துபோயிருக்கின்றன. இரண்டு சூரியன்களின் வெளிறிய வெயில் தரையில் படிந்து கிடக்கிறது. கதவு இன்று திறந்தேயிருக்கிறது. வாசலில் காவலன் நிற்கிறான். சாம்பல்நிறத் தோல், இமையில்லாத கண்கள். அவளிடமிருந்துதான் அவள் மொழியைக் கற்றுக்கொண்டான். “கைதிங்களைத் திருப்பி அனுப்புற கப்பல் வந்தாச்சு. நீங்க கிளம்பலாம்,” என்கிறான். அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். “என்ன புதுசா நீங்க? என்னைக்கும் நீன்னுதானே சொல்லுவே?” அவன் கழுத்துச் செவுள்கள் படபடக்கின்றன. “வேத்து ஆளுங்களை அப்படித்தான் கூப்பிடணும்னு நீதானே... நீங்கதானே சொன்னீங்க. இப்பவே பழகிக்கிறேன்.” வெளியே கப்பலின் சங்கு கனமாக ஊதுகிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். தாங்கிப் பிடிக்க நீண்ட அவன் கை பாதியில் நிற்கிறது. அவளே அதை எட்டிப் பற்றுகிறாள். நான்கு விரல்கள், குளிர்ந்திருக்கின்றன. “ரொம்ப அசதியா இருக்குடா,” என்கிறாள். “மெதுவா கூட்டிட்டுப் போ.” கைதிக்குப் பின்னால் ஆயுதத்தோடு நடக்க வேண்டியவன், நீண்ட தாழ்வாரத்தில் அவள் பக்கத்தில் நடக்கிறான். சங்கு மறுபடியும் ஊதுகிறது. இருவரும் இன்னும் மெதுவாக நடக்கிறார்கள்.